தவுட்டுக்கு வாங்கினது

டவுன் பஸ்ஸில் வாத்துக்கு டிக்கெட் போட வேண்டுமா கூடாதா என்பது கண்டக்டருக்கே தெரியவில்லை. கோழியைக் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள். ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் போடுவார்கள். சுதாவின் மடியிலிருந்த காய்கறிக் கூடையில் இருந்ததோ கழுத்தை நீட்டி, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் குறை சொல்வதைப் போலக் கத்திக்கொண்டே வந்தது. சாலவாக்கம் தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேவலாம்மா, பொட்டையா?"

"பொட்டைதான்."

"அப்ப சரி. லேடீஸுக்கெல்லாம் ஃப்ரீ. நீயும் குந்து, அதுவும் குந்தட்டும்."

பஸ்ஸே சிரித்தது. சுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. மாடுகளை விற்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் அலைந்து, எக்ஸ்ரே எடுத்து, கடைசி நவரை நெல் அறுப்பையும் ஒற்றை ஆளாக நின்று முடித்தாயிற்று. அடுத்த வாரம் விமானம். அவளுக்கு நியூசிலாந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எங்காவது ஒரு மூலையில் படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள், காலெல்லாம் சாணி. வாத்தின் கண்ணைப் பார்த்தாள், காலைப் பிரித்துப் பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள். இதை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக என்ன செய்ய வேண்டும் என்று சுதா கேட்டதும் முதலில் சிரித்தாள். சுதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நாய், பூனை என்றால்கூட மாசக்கணக்கில் அலைய வேண்டும், பறவை என்றால் அந்த நாட்டுக்குள் சேர்க்கவே மாட்டார்கள், பறவைக் காய்ச்சல் பயம், ஒரு இறகைக்கூட விடமாட்டார்கள் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள்.

இதெல்லாம் சுதாவுக்கு முன்பே தெரியும். அவள் புருஷன் தமிழ்வாணன் அங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிற மிஷினோடு மல்லுக்கட்டுகிறவன். மகள் கீர்த்தி வாத்தைக் கூட்டிவருவேன் என்று ஆரம்பித்த அன்றைக்கே அவன் போனில் சொல்லிவிட்டான். ஆனால் சுதா ஒரு நாள், களத்தில் தலைக்கு மேல் வேலை கிடக்க, பெண் முந்தானையைப் பிடித்து நச்சரிக்க, டாக்டரம்மா ஊசி போட்டால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லித் தொலைத்தாள். அந்தச் சொல்லைக் கீர்த்தி பத்திரமாக வைத்துக்கொண்டாள். தினமும் ஊசி எப்போது, ஊசி எப்போது என்று கேட்டாள். இப்போது டாக்டரே முடியாது என்று சொல்லிவிட்டார் என்று சொல்லலாம் அல்லவா, அதற்காகத்தான் இந்த வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தது. வாத்து திரும்பும்போதும் ஃப்ரீயாகத்தான் வந்தது.

அது வீட்டுக்கு வந்த கதையும் பெரிய கதையில்லை. நவரை அறுத்து முடிந்ததும் ஆரணிப் பக்கத்திலிருந்து வாத்துக்காரர்கள் வருவார்கள். கழனியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்துகள் மேயும். ஏரி ஓரத்தில் வலை கட்டி அடைப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சுதாவின் கழனியில் அவர்கள் இறங்கியபோது, கால் துவண்ட குஞ்சு ஒன்று கூட்டத்தோடு ஓட முடியாமல் வரப்போரம் கிடந்தது. வாத்துக்காரர் தீவனத்துக்குக் கொஞ்சம் தவிடு கேட்டு வந்தார். சுதா ரைஸ்மில்லில் இருந்து வந்த மூட்டையில் பாதியைக் கொட்டிக் கொடுத்தாள். சும்மா வாங்கிக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை. பிழைத்தால் உங்களது என்று அந்தக் குஞ்சை வைத்துவிட்டுப் போனார்.

பிழைத்தது. பிழைத்ததோடு வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டதைப் போல நடக்க ஆரம்பித்தது. துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே தேங்கும் தண்ணீர் அதற்குக் குளம். கட்டிலுக்கு அடியில் முட்டை. கீர்த்தி ஸ்கூல் வேன் ஏறுகிற வரை கூடவே போய், வேன் கிளம்பியதும் டிரைவரைத் திட்டிவிட்டுத் திரும்பும். அதன் நடையையும் அதட்டலையும் பார்த்துத்தான் கீர்த்தி வாத்தியாரம்மா என்று பெயர் வைத்தாள். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

தவுட்டுக்கு வாங்கின வாத்து என்பது அடுத்த வீட்டு முத்துவேலுக்குச் சர்க்கரைக் கட்டி. அவர் தமிழ்வாணனின் அண்ணன். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரும் அவர்தான். தவுட்டுக்கு வாங்கினது என்று கேலி செய்யப்படாத பிள்ளை இந்தப் பக்கம் எந்த வீட்டில் இருக்கிறது? சேட்டை பண்ணினால் சொல்வார்கள், அடம்பிடித்தால் சொல்வார்கள், ஒன்றுமில்லாவிட்டாலும் சொல்வார்கள். பிள்ளை அரைமணி நேரம் அழுதுவிட்டு மறந்துவிடும். முத்துவேல் கீர்த்தியையும் வாத்தையும் சேர்த்து நிறுத்தி, ரெண்டு பேருமே தவுட்டுக்கு வாங்கினது, அக்காவும் தங்கச்சியும் என்பார். கீர்த்தி வாத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். அந்த நேரம் பார்த்து சுதாவுக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு, சோற்றுக்குக்கூட உட்காராமல் சுதா ரோட்டுக்குப் போனாள். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரம் என்று திருப்பிவிட்டார்கள். தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கொட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் மேலிருந்தும் சூடு, கீழிருந்தும் சூடு. சிட்டம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் கால் போன வழியெல்லாம் கோடு கோடாக விழுந்தது. சுதாவும் மறு ஓரத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தாள்.

சிட்டம்மாள் ஏரிக்கரைக் கோடியில் இருக்கிற இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். சுதாவைவிடக் கொஞ்சம் மூத்தவள். சுதா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்தக் கழனியில் நாற்றுப் பிடுங்கியதும் நட்டதும் களை எடுத்ததும் அவள்தான். இருவரும் பாதி ரோட்டில் சந்தித்தபோது சிட்டம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரும்மா?"

"ஆவாதுன்னுட்டாங்க."

"புள்ளைக்கு இன்னா சொல்லுவ?"

"அதான் தெரியல சிட்டம்மா. எங்க வுட்டுட்டுப் போறதுன்னும் தெரியல. பக்கத்து வூட்டு மாமா எடுத்துக்கிறேன்றாரு. அவரு கைக்குப் போனா ஞாயித்துக்கெழம வரைக்கும்கூட தாங்காது. நீ வேணா வச்சிக்கிறியா?"

சிட்டம்மாள் காலை நிறுத்தாமலே சொன்னாள். "பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது. எங்க வூட்டாண்ட வுட்டாலும் கொயம்புதாம்மா. வளந்த புள்ளைங்க கீதுங்க. கைல கீற வாத்த வுடுங்களா? நான் வேலைக்கு வந்துட்டா எவன் காவல் காப்பான்?"

உண்மையைச் சொல்கிறவளிடம் கோபப்பட முடியாது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து, தூக்குவாளியில் இருந்த கூழை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி மாங்காயைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். சிட்டம்மாள் தன் சொம்பிலும் சுதா தன் டம்ளரிலும் குடித்தார்கள். அது எப்போதும் அப்படித்தான்.

ஆனால் இவர்கள் இருவருக்கும் நடுவில் ஊர் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. கீர்த்திக்கு முன்னால் சுதா இரண்டு பிள்ளை பெற்றாள். ஒன்று பெண், ஒன்று பையன். பெண்ணுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பையனுக்கு வைத்தார்கள், அவனும் தங்கவில்லை. மூன்றாவதாகக் கீர்த்தி பிறந்ததும், பெற்றதெல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம் விற்றுத் தவிட்டுக்கு வாங்குங்கள் என்றார்கள் பெரியவர்கள். சிட்டம்மாளுக்குப் பெற்றதில் ஒன்றும் தவறவில்லை. தோட்டத்துப் பக்கம் அவளை வரச் சொல்லி, முறத்தில் கிடத்தி, இது உன் பிள்ளை என்று கொடுத்தாயிற்று. அவள் வாங்கி, குப்பு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மார்போடு அணைத்துவிட்டுக் கீழே வைத்தாள். சுதா ஒரு படி தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

இப்படி வாங்கின பிள்ளை விற்றவளை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சடங்கு சடங்கோடு சரி, தெருவில் நம் பிள்ளை இருளச்சியை அம்மா என்று கூப்பிடுவதா என்று புருஷன் வீட்டில் முகம் சுளித்தார்கள். சுதா வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு சேலை கொடுப்பாள், அதையும் கூலிக்காரிக்குக் கொடுப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். சிட்டம்மாள் ஒரு நாளும் கேட்டதில்லை. போகும்போதும் வரும்போதும் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் சுதாவுக்கு எப்போதுமே வெட்கமாக இருக்கும்.

வேன் வந்தபோது முத்துவேலும் ரோட்டில்தான் இருந்தார். காய்ந்த நெல்லைச் சாக்கில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தி பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள். சுதா சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள், அந்த நாட்டுச் சட்டத்தையும் சொன்னாள். நன்றாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். கீர்த்தி காலை உதைத்து, நீ பொய் சொன்னே, நானும் வரமாட்டேன் என்று நெல்லின் மேலேயே உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க மோட்டார் சைக்கிள்கள் நின்றன. சுதாவுக்கு இத்தனை மாசத்துக் களைப்பும் ஒரே நேரத்தில் தலைக்கு ஏறியது.

"தவுட்டுக்கு வாங்குன வாத்துக்கோசரம் இன்னா பேஜாரு பண்ற நீ? தவுட்டுக்கு வாங்குனதுதான அது? வுட்டுட்டுதான் போவணும்."

அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்கலாம் என்று முத்துவேல் நினைத்தார். பழைய சடங்கெல்லாம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை; பாவம், அவர் மேல் தப்பு இல்லை.

"நீ மட்டும் இன்னாவாம்? உன்னையும் தவுட்டுக்குதான் வாங்குனாங்க. தோ, இந்த சிட்டம்மாகிட்டதான் வாங்குனாங்க. அடம் புடிச்சன்னு வையி, உன்னையும் இவளாண்டயே வுட்டுட்டுப் பூடுவா உங்கம்மா."

யாரும் சிரிக்கவில்லை. சிட்டம்மாளின் கை சாக்கின் வாயிலேயே நின்றுவிட்டது. சுதா நெல்லைப் பார்த்தாள். கீர்த்தி இவள் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி என்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்பது எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியாதா? எழுந்து, பாவாடையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. வாத்துக்குச் சோறு பிசைந்து வைத்தாள், அது தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா போனில் முகம் காட்டியபோது திரும்பிக்கொண்டாள். சுதா பக்கத்தில் படுத்து முதுகைத் தடவினாள். கை பட்ட இடம் மரக்கட்டையாக இருந்தது.

மறுநாள் லீவு. சுதா பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தாள். தமிழ்வாணன் வீடியோ காலில், எதெல்லாம் கொண்டு வரக்கூடாது என்பதைத் திரும்பவும் ஓதினான். அரிசி கூடாது, பருப்பு கூடாது, விதை, பூ, இறகு, தேன் ஒன்றும் கூடாது. செருப்பில் மண் இருந்தால்கூட நிறுத்திக் கழுவச் சொல்வார்கள். தவறிப்போய் ஏதாவது பையில் இருந்தால் அபராதம். பெட்டியை ஒரு தடவை கவிழ்த்து உதறிவிட்டு அடுக்கச் சொன்னான். அவனும் களைத்துத்தான் போயிருந்தான். கொட்டகையில் நின்றுகொண்டு பேசினான், பின்னால் மாடுகள் கத்தின.

"புள்ள எங்க?" என்றான் கடைசியில்.

சுதா திரும்பிப் பார்த்தாள். கீர்த்தி இல்லை. தோட்டத்தில் இல்லை, முத்துவேல் வீட்டில் இல்லை. துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் வாத்தும் இல்லை. சமையல் கட்டில் தவிட்டு மூட்டையின் வாய் அவிழ்ந்து, தரையெல்லாம் சிந்தியிருந்தது. அதைப் பார்த்ததும் போனை அப்படியே வைத்துவிட்டு ஏரிக்கரை மேல் ஓடினாள். தண்ணீர் வற்றி, நடுவில் கொஞ்சம் குட்டையாகக் கிடந்தது. குட்டையைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை, ஆனாலும் பார்த்துவிட்டு, கரைக் கோடிக் குடியிருப்புக்கு ஓடினாள்.

சிட்டம்மாள் வீடு அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. கூரை ஒழுகிப்போய் மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஆள் கூப்பிட வாசல் வரை வந்திருக்கிறாளே தவிர, சுதா உள்ளே போனதில்லை. வேப்பமர நிழலில் கீர்த்தி வாத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவளுடைய டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, அது நிறையத் தவிடு. சிட்டம்மாள் கொஞ்சம் தள்ளி, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தவுடு எடுத்தாந்துகீதும்மா," என்றாள் சிட்டம்மாள். "திருப்பிக் குடுக்குதாம். வாங்கிக்கன்னு சொல்லுது. நான் தொடல."

சுதாவுக்கு மூச்சு வாங்கியது. அடிக்கத்தான் கை ஓங்கி வந்தாள். பிள்ளை அவளைப் பார்த்த பார்வையில் கை இறங்கிவிட்டது.

"எந்திரி கண்ணு. வூட்டுக்குப் போலாம்."

"நான் வரல. தவுட்டுக்கு வாங்குனத வுட்டுட்டுதான் போவணும்னு நீதான சொன்ன. என்னையும் தவுட்டுக்குதான வாங்குன. தவுட்ட குடுத்துட்டா சரியா பூடும். நானும் வாத்தியாரம்மாவும் இங்கயே இருந்துக்கறோம். நீ அப்பாகிட்ட போ."

அதெல்லாம் சும்மா கேலிக்குச் சொன்னதுடி என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். எல்லாத் தாயும் அப்படித்தான் முடிப்பாள். சுதாவுக்கு வாய் வரவில்லை. இதுவும் பொய்யாகப் போய்விட்டால், இனிமேல் இந்தப் பெண் தான் சொல்கிற எதையும் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"ஆமா. தவுட்டுக்குதான் வாங்குனோம்," என்றாள்.

கீர்த்தியின் கை வாத்தின் மேல் இறுகியது.

"ஒனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தா கீர்த்தி. ஒரு அண்ணன் இருந்தான். அவங்கள தவுட்டுக்கு வாங்கல. எனக்குதான் பொறந்தாங்க, எங்கூடதான் இருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். இல்லாம பூட்டாங்க." சுதா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ பொறந்தப்ப எனக்குப் பயம். எம் புள்ளன்னு சொன்னா நீயும் பூடுவன்னு பயம். அதான் வித்துட்டு, தவுடு குடுத்து வாங்குனேன். வாணாம்னு கீறத யாராச்சும் வெல குடுத்து வாங்குவாங்களா?"

வாத்து மடியில் நெளிந்தது. கீர்த்தி அதைக் கீழே விட்டாள். அது நேராக டிபன் பாக்ஸில் அலகை வைத்தது.

"யாராண்ட வித்த?"

"இவளாண்டதான். பெரீப்பா சொன்னது நெசந்தான்."

"அப்ப இவங்க எனக்கு இன்னா வோணும்?"

சிட்டம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். அதெல்லாம் எதுக்கும்மா இப்ப என்று முணுமுணுத்தாள்.

"அம்மா," என்றாள் சுதா. "அம்மான்னுதான் நீ கூப்புடணும். நான்தான் சொல்லிக் குடுக்கல."

கீர்த்தி உடனே ஒன்றும் கூப்பிட்டுவிடவில்லை. பிள்ளைகள் அப்படிச் சொன்னவுடன் செய்கிறவர்கள் இல்லை. அவள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். சிட்டம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப தவுட்டுக்கு வித்தா வாத்தியாரம்மாவும் சாவாதா?"

சிட்டம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் சிரிப்பு போய், நிஜமாகவே யோசித்தாள்.

"தவுட்டுக்கு வாங்குனத எங்க வூட்ல எவனும் அறுக்கமாட்டான் கண்ணு. அது புள்ள. புள்ளைய எவனாவது கொயம்பு வெப்பானா? எம் பசங்க கைய வெச்சா கைய ஒடச்சிடுவேன்."

கீர்த்தி டிபன் பாக்ஸை அவள் பக்கம் தள்ளினாள். சிட்டம்மாள் தலையசைத்தாள்.

"உன் தவுட்டையே உனக்குக் குடுத்தா வெல ஆவாது. எங்க வூட்ல ஏது தவுடு, ரேஷன் அரிசிதான. நான் எங்கனா பாத்து எடுத்தாறேன். கெளம்புற அன்னிக்கு வெச்சிக்கலாம்."

புறப்படுகிற நாளும் வந்தது. வீட்டில் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. ஸ்டவ்வும் கிரைண்டரும் கட்டிலும் முத்துவேல் வீட்டுக்குப் போயிருந்தன. காலை நாஷ்டாவும் அங்கிருந்துதான் வந்தது. கார் காலையிலேயே வந்து வாசலில் நின்றது. டிரைவர் தாம்பரத்தில் டிராஃபிக் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார். முத்துவேல் அவரைவிட அவசரப்பட்டார்.

சிட்டம்மாள் பொங்கலுக்குக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கமாக வந்தாள். கீர்த்தியை விற்ற அன்றைக்கு அவளை வரச் சொன்னதும் அந்த வழியாகத்தான். கையில் முறம், முறத்தில் சலித்த தவிடு. ரைஸ்மில்லில் ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்கி, கூலிக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கினாளாம். மில்காரர், எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று கேட்டாராம்.

தவிட்டைத் துணியில் கொட்டி, முறத்தைத் துடைத்து, வாத்தை அதில் வைத்தார்கள். வாத்தியாரம்மாவுக்கு முறம் பிடிக்கவில்லை. இறங்கி நடந்தது. திரும்பப் பிடித்து வைத்தார்கள், திரும்ப இறங்கியது. கடைசியில் கீர்த்தி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இது உங்க புள்ள என்று கொடுத்தாள். சிட்டம்மாள் வாங்கினாள். வாங்கினவள்தான் பெயர் வைக்க வேண்டும். குப்பு என்று கூப்பிட்டாள்.

"அது உனக்கு நான் வெச்ச பேரு," என்றாள் கீர்த்தியிடம். "யாரும் கூப்புடாம சும்மாதான கீது."

கீர்த்தி தவிட்டு மூட்டையை எடுத்துத் தன் ஸ்கூல் பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டாள். சுதா அதைப் பார்த்தாள். அரிசி கூடாது, விதை கூடாது, இறகு கூடாது. தமிழ்வாணன் குரல் காதில் கேட்டது. அவள் குனிந்து, கண்ணு, இத்த எடுத்துக்கினு போவ முடியாது, அங்க புடுங்கிக்குவாங்க, அப்பாவுக்கு அபராதம் போடுவாங்க என்று சொன்னாள்.

"வெல எடுத்துக்கலன்னா வித்ததா ஆவாதே," என்றாள் கீர்த்தி. அவள் அழவில்லை, நியாயத்தைத்தான் கேட்டாள். "சும்மா குடுத்ததா பூடும். சும்மா குடுத்தா அறுத்துடுவாங்க."

இனி கொட்டிவிட்டுப் போகலாம் என்று சுதாவால் சொல்ல முடியாது. முத்துவேல் வீட்டு மாட்டுக்கு வைக்கச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"சிட்டம்மா, அன்னிக்கு நான் குடுத்த தவுட்ட நீ இன்னா பண்ண?"

"இன்னா பண்ணுவேன்? புள்ளைய வித்த தவுடு. மாட்டுக்கு வெக்க மனசு வருமா, கோழிக்கு எறைக்க மனசு வருமா? உப்பு போட்டு அட தட்டித் துன்னேன். ரெண்டு நாளைக்கு வந்துச்சி." வாத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எம் புள்ளைங்களுக்குக்கூட குடுக்கல. நான் மட்டும்தான் துன்னேன்."

சுதா கீர்த்தியின் பையைத் திறந்து மூட்டையை எடுத்தாள். தோட்டத்தில் கிடந்த செங்கல் மூன்றைக் கூட்டி வைத்தாள். முத்துவேல் வீட்டுக்குப் போய்த் தோசைக்கல்லையும் உப்பையும் ஒரு துண்டு வெல்லத்தையும் கேட்டு வாங்கி வந்தாள். சிட்டம்மாள் தென்னை மட்டையை ஒடித்துத் தீ மூட்டினாள். விமானத்துக்குப் போகிறவள் பட்டுச் சேலையோடு அடுப்பு மூட்டுவதைப் பார்த்து முத்துவேலுக்குத் தலை சுற்றியது. இன்னாம்மா சுதா, பைத்தியமா உனக்கு, வண்டி நிக்குது என்று வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்தார். எத்தனையோ மாசமாக எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்த சுதாவுக்கு, அந்தப் புகையில் உட்கார்ந்தபோதுதான் அவசரம் என்கிற ஒன்று உடம்பை விட்டு இறங்கியது.

தவிட்டில் வெல்லத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, உப்பு ஒரு கல் போட்டு, கல்லில் தட்டினாள். ஓரமெல்லாம் பிய்ந்தது. கறுத்தும் கறுக்காமலும் வெந்தது. வாழை இலையைக் கிழித்துப் போட்டு மூன்று பேரும் அதே இலையிலிருந்து பிய்த்துத் தின்றார்கள். தொண்டையில் உமி குத்தியது. கீர்த்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றாள், ஆனால் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. சிந்திய தூளை வாத்து பொறுக்கியது.

"அங்க கேட்டா?" என்றாள் கீர்த்தி வாயில் வைத்துக்கொண்டே.

"வயித்துல கீறத எந்த ஆபீசரும் கேக்கமாட்டான்."

சிட்டம்மாள் தண்ணீர் குடிக்கத் தேடினாள். அவள் சொம்பு வீட்டிலிருந்தது. சுதா தன் பாட்டிலைக் கொடுத்தாள். சிட்டம்மாள் அண்ணாந்துதான் குடித்தாள், பழக்கம் போகவில்லை.

காரில் ஏறினார்கள். பெட்டிகள் ஏறின. முத்துவேலுக்குக் கோபமெல்லாம் போய்க் கண் கலங்கிவிட்டது. போனதும் போன் பண்ணும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிட்டம்மாள் வேலியோரம் நின்றாள். வாத்து அவள் இடுப்பில் இருந்தது, அங்கிருந்தே டிரைவரைத் திட்டியது. சுதாவுக்கு அவளிடம் எவ்வளவோ சொல்ல வேண்டும் என்றிருந்தது. நாக்கில் வெல்லமும் தவிடும்தான் இருந்தன. டிரைவர் வண்டியை எடுத்தார்.

கீர்த்தி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"போய்ட்டு வரேம்மா."

சுதா பெல்ட்டைத் தேடிக்கொண்டே, "எங்கடி போற, நானும்தான கூட வரேன்," என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான், கீர்த்தி கூப்பிட்டது தன்னை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. வேலியோரத்தில் சிட்டம்மாள், "போய்ட்டு வா கண்ணு," என்றாள். அவளும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னாள். வண்டி ஏரிக்கரை மேல் ஏறி சாலவாக்கம் ரோட்டில் திரும்பியது.